ஞாயிற்றுக்கிழமைத் தொழிலாளர்



நம் ஊர்களில் தெருவுக்கு ஒருவராவது இத்தகையவர் இருப்பார். வார நாள்களில் அவர் வங்கியிலோ அஞ்சலகத்திலோ பள்ளியிலோ பணி புரிபவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பி அருந்தி முடிந்ததும் தாழ்வாரத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் ஏதேனும் ஒரு பொருளைக் கழற்றிப் பரப்பிக்கொண்டு அமர்ந்துவிடுவார். ஒரு வாரம் சுவர்க் கடிகாரம். மறு வாரம் மேசை விசிறி. அதற்கடுத்த வாரம் அண்டை வீட்டாரின் தையல் இயந்திரம். இவ்வேலைக்குக் கூலி இல்லை. செய் என்று ஏவுபவரும் இல்லை. "எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பார்" என்று வீட்டார் சலித்துக்கொள்வர். பொருள் பழுது நீங்கி ஓடிவிட்டால் அவர் கைராசிக்காரர். ஓடாவிட்டாலோ, குரங்கு கையில் அகப்பட்ட பூமாலை என்னும் பழமொழி அன்று மாலை வரையில் அவ்வீட்டில் பல முறை ஒலிக்கும்.

தச்சர், கொல்லர், கம்மியர் என்று தொழிலால் வாழ்பவர்க்கெல்லாம் தமிழில் பெயர் உண்டு. ஆசையால் தொழில் செய்யும் இவர்க்குப் பொருத்தமான பெயர் ஒன்று அமையவில்லை. நான் இவர்களை ஞாயிற்றுக்கிழமைத் தொழிலாளர் என்று குறிப்பிடப் போகிறேன். இவர்களைப் பற்றியும், இவர்கள் வீட்டைப் பற்றியும், இவர்கள் செய்யும் பேரங்களைப் பற்றியும் சிறிது நேரம் உங்களுடன் உரையாட விரும்புகிறேன்.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அது நம் நாட்டு ஆலைத் தொழிலாளர்க்குத் தானே வந்து வாய்த்ததன்று. பம்பாய்ப் பருத்தி ஆலைகளில் வாரந்தோறும் ஓய்வுநாள் என்னும் வழக்கம் இல்லாத காலம் ஒன்று இருந்தது. நாராயண மேகாஜி லோகாண்டே என்பவர் 1884-ஆம் ஆண்டில் ஆலைத் தொழிலாளர் கூட்டங்களைக் கூட்டி, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று கோரிக்கை எழுப்பினார். 1890-ஆம் ஆண்டில்தான் ஆலை முதலாளிகள் ஞாயிற்றுக்கிழமை விடுமுறைக்கு இசைந்தனர். கேட்டுப் பெற்ற நாள் அது. அதனை ஒருவர் உறங்கிக் கழிக்கலாம். திரைப்படம் பார்த்துக் கழிக்கலாம். திருகாணி தேடிக் கழிக்கவும் உரிமை உண்டு. ஆனால் அந்த விடுமுறை அடுப்பங்கரை வரையில் போய்ச் சேர்ந்ததா என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

வேடிக்கையாகத் தொடங்கிய வேலைகள் சில நாட்டுக்கே பயன்படும் நிறுவனங்களாக வளர்ந்ததுண்டு. எடுத்துக்காட்டுக்கு வெகுதூரம் போக வேண்டுவதில்லை. சென்னையில் வானொலி தோன்றிய வரலாறே இத்தகையோர் கதைதான். 1924-ஆம் ஆண்டில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி என்னும் பொறியியல் ஆர்வலரின் முயற்சியால் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் என்னும் சங்கம் நிறுவப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் அவர்கள் ஒலிபரப்பத் தொடங்கினார்கள். அவர்களுடைய ஒலிபரப்புக் கருவியின் ஆற்றல் 40 வாட். பழைய மேசை விளக்குக் குமிழ் ஒன்று உண்ணும் மின்சாரம் அவ்வளவே! அந்த அற்ப ஆற்றலைக் கொண்டு அவர்கள் சென்னை வானத்தில் இசையையும் பேச்சையும் மிதக்கவிட்டார்கள். மூன்று ஆண்டுகளில் பணமுடை வந்தது. 1927-இல் சங்கம் தன் ஒலிபரப்பை நிறுத்திக் கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தது. மாநகராட்சி 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து ஒலிபரப்பை ஏற்று நடத்திற்று. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து மக்களைக் கேட்கச் செய்தது. 1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கப்பெற்றது. ஒரு சிலரின் ஓய்வு நேர ஆசை, பதினான்கு ஆண்டுகளில் அரசாங்கத்தின் பொறுப்பாக உயர்ந்தது.

அந்நாளில் அவ்வொலிபரப்பைக் கேட்டவர்களிலும் பலர் ஞாயிற்றுக்கிழமைத் தொழிலாளரே. கடையில் வாங்கும் வானொலிப் பெட்டி விலை மிகுந்தது. ஆகையால் தாமே படிகப் பெட்டி செய்துகொண்டார்கள். அதன் அமைப்பு மிக எளியது. அட்டைக் குழாய் ஒன்றின்மேல் எனாமல் பூசிய செப்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்ற வேண்டும். மொட்டைமாடியில் நீண்ட கம்பி ஒன்றைக் கட்டி அதன் நுனியை இச்சுருளுடன் இணைக்க வேண்டும். சுருளின் மறுமுனை மண்ணில் புதைத்த இரும்புக் குழாய்க்குச் செல்லும். நடுவே கலீனா எனப்படும் ஈய சல்பைடுப் படிகத் துண்டு. அதன்மேல் பட்டும் படாமலும் ஒரு மெல்லிய கம்பி முனை. காதில் பொருத்திக்கொள்ளும் செவிக்குழாய் ஒன்று. அவ்வளவுதான். மின்கலம் வேண்டா, மின்இணைப்பும் வேண்டா. வானத்து அலை கொண்டுவரும் சிற்றாற்றலே செவிக்குழாயின் தகட்டை அதிரச் செய்யும்.

அலை என்பது இரு திசையிலும் மாறி மாறி ஓடும் மின்னோட்டத்தைக் கம்பியில் எழுப்புகிறது. அது நொடிக்குப் பல இலட்சம் முறை திசை மாறுவதால், செவிக்குழாயின் தகடு அசைவதற்குள் எதிர்த் திசையில் இழுக்கப்பட்டு அசையாமலே நின்றுவிடும். படிகம் ஒரு திசை ஓட்டத்தை விட்டு மறு திசை ஓட்டத்தைத் தடுக்கிறது. வாயிற்காவலன் உள்ளே வருபவரை விட்டு, வெளியே போகிறவரைத் தடுப்பது போன்றது இது. எஞ்சிய ஓட்டம் பேச்சின் ஏற்ற இறக்கத்திற்கேற்பக் கூடியும் குறைந்தும் செல்லத் தகடு அசைகிறது. நாம் குரலைக் கேட்கிறோம். பிற்காலத்தில் கலீனாவின் இடத்தில் ஜெர்மானியம் டையோடு வந்தது. தலைமையாசிரியராக இருந்தபோது எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் இப்பெட்டியை ஆண்டுதோறும் மாணவரைக் கொண்டு செய்வித்தேன். முதன்முதலாகச் செவிக்குழாயில் குரல் எழும்பொழுது, அதுவரையில் சலசலத்துக்கொண்டிருந்த வகுப்பு அமைதியாகிவிடும். பிரம்பாலும் அதட்டலாலும் நான் பெற முடியாத அமைதி அது. செய்து கற்றல் என்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் டூயி பற்றியும், 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி பற்றியும் நாங்கள் படித்த பக்கங்கள் பல. அந்த அமைதியைக் கண்ட பிறகே அவை எனக்கு நன்றாக விளங்கின.

இன்னொருவரையும் சொல்லாமல் விடலாகாது. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு 1893-இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பில் நாட்டம் கொள்ளாதவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு, அதன்மேல் ஆசை வைத்து, கோவை உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதனை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் முதலில் செய்தது அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றியதுதான். பிற்காலத்தில் பேருந்துத் தொழிலிலும் மின்மோட்டார் உற்பத்தியிலும் அவர் அடைந்த புகழ் உங்களுக்குத் தெரியும்.

பெரியவர்களை விட்டு நம் வீட்டுக்கு வருவோம். வீட்டுப் பழுதுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, செய்யச் சுவையானது. மற்றொன்று, செய்தே தீர வேண்டியது. ஞாயிற்றுக்கிழமைத் தொழிலாளரின் பெருங்குறை, முதல் வகையில் மூழ்கி இரண்டாவதை மறப்பது. பழைய வால்வு வானொலியை உயிர்ப்பிக்க மூன்று ஞாயிறு செலவிடுவார். சமையலறைக் குழாய் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டே இருக்கும். குழாய்த் துளி ஒன்று ஏறத்தாழக் கால் மில்லி லிட்டர் என்று கொள்வோம். நொடிக்கு ஒரு துளி வீதம் ஒழுகினால் நாளொன்றுக்கு 86,400 துளி. அதாவது 21 லிட்டருக்கு மேல். பெரிய குடம் ஒன்றுக்கு மேல் நிறையும் தண்ணீர்! சில ரூபாய் விலையுள்ள ரப்பர் வாஷர் ஒன்றும், ஸ்பானர் ஒன்றும், முதலில் தண்ணீர்த் தொட்டியின் அடைப்பை மூட வேண்டும் என்னும் நினைவும் இருந்தால் கால் மணி நேரத்தில் முடியும் வேலை. இதில் புதிர் இல்லை, ஆகையால் புகழும் இல்லை. ஒழுகாத குழாயை எந்த விருந்தினரும் நின்று பாராட்டுவதில்லை.

என் நண்பர் ஒருவர் உரிமம் பெற்ற வானொலி ஆர்வலர். தம் வீட்டு மாடியில் தாமே அமைத்த கருவியைக் கொண்டு கடல் கடந்த நாடுகளில் உள்ள ஆர்வலர்களுடன் உரையாடுவார். ஒரு ஞாயிறன்று நான் அவர் இல்லம் சென்றிருந்தேன். காதில் செவிக்குழாயுடன் அவர் அமர்ந்திருக்க, கீழிருந்து அவர் மனைவியார் இரண்டு முறை அழைத்தும் விடை இல்லை. அம்மையார் மாடிக்கே வந்து என்னிடம் சொன்னார்: "பார்த்தீர்களா சார்! பூமிக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிறவர் முனகினாலும் இவருக்குக் கேட்கிறது. அடுப்பங்கரையிலிருந்து நான் கூப்பிடுவது மட்டும் கேட்கிறதில்லை." நண்பர் சிரித்தார், நானும் சிரித்தேன். அம்மையார் சிரிக்கவில்லை. அவர் கையில் கைப்பிடி கழன்ற வாணலி இருந்தது. அது கழன்று இரண்டு மாதம் ஆயிற்று என்று பிறகு அறிந்தேன்.

நான் முன்னே விட்டுவந்த கேள்வி இதுதான். ஞாயிற்றுக்கிழமைத் தொழிலாளரின் ஓய்வு யாருடைய உழைப்பின்மேல் நிற்கிறது? ஆறு நாளும் அலுவலகம் சென்றவர்க்கு ஏழாம் நாள் விடுமுறை. ஏழு நாளும் அடுப்பங்கரையில் நின்றவர்க்கோ, எல்லாரும் வீட்டில் இருக்கும் அந்த நாளே கூடுதல் வேலை நாள். பலகாரம் இரண்டு வேளை. துவைக்கும் துணி இரட்டிப்பு. தாழ்வாரத்தில் சிந்திய மண்ணெண்ணெயைத் துடைப்பது தனி. தலைவர் இயந்திரத்தின் உள்ளே இருக்கும் உராய்வைக் குறைக்கப் பாடுபடுகிறார். இல்லத்தின் உள்ளே உராய்வு ஏறிக்கொண்டிருக்கிறது. இவ்விஷயத்தில் நான் அம்மையார் பக்கம்தான்.

நண்பரின் இல்லத்தில் அதன் பிறகு ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அடுக்களைக் கதவருகில் ஒரு சிலேட்டுப் பலகை மாட்டப்பட்டது. வாரம் முழுவதும் வீட்டில் எது பழுதானாலும் அதில் எழுதிவைப்பது. ஞாயிறு காலை 11 மணி வரையில் சிலேட்டில் உள்ள வேலை. அதற்குப் பிறகே மாடி. ஞாயிறு இரவுச் சமையல் தந்தைக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. முதல் மாதம் நான்கு ஞாயிறும் உப்புமாவே என்று கேள்வி. வீட்டுக்குள் நடக்கும் இத்தகைய பேரத்தை எவரும் பேரம் என்று சொல்வதில்லை. சந்தையில் செய்யும் பேரங்களைவிட இதற்குத்தான் பொறுமை மிகுதியாக வேண்டியிருக்கிறது. அவர்களுடைய மகள் இப்பொழுது பற்றாசு வைப்பதில் தந்தையைவிடக் கைத்தேர்ச்சி உடையவள்.

பெண் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் திருப்புளியை மகன் கையிலும் துடைப்பத்தை மகள் கையிலும் கொடுத்துவிடும் வழக்கம் இன்னும் நீங்கவில்லை. 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் பாரதி பிரசாத் என்னும் பெண்மணி, வானொலி ஆர்வலர் குழு ஒன்றுடன் அந்தமானில் உள்ள போர்ட் பிளேருக்குச் சென்றிருந்தார். அங்கிருந்து உலக ஆர்வலர்களுடன் உரையாடுவதே பயணத்தின் நோக்கம். பொழுதுபோக்கு என்றுதான் சொல்ல வேண்டும். டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. தொலைபேசித் தொடர்பு அறுந்து, தீவுகளின் செய்தி வெளியுலகிற்கு எட்டாத அந்நேரத்தில், அவர்கள் கொண்டுசென்ற கருவிகளே உயிர்ச் செய்திகளைச் சுமந்தன. தந்தி ஒலியும் மின்கம்பியும் பெண்களுக்கு எதற்கு என்று கேட்பவர்க்கு இதைவிட வேறு விடை வேண்டுமா?

பிள்ளைகளுடன் சேர்ந்து செய்வதற்கு ஏற்ற வேலை எது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் சைக்கிள் ஓவராயில் என்பேன். மின்சார அபாயம் இல்லை. எல்லா உறுப்பும் கண்ணுக்குத் தெரியும். முடிந்ததும் ஏறிப் பார்க்கலாம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி முன்சக்கரத்தைக் கழற்றுங்கள். கீழே விளிம்புள்ள தட்டு ஒன்று இருக்கட்டும். அச்சின் கோனைத் தளர்த்தியதும் எஃகு உருண்டைகள் உதிரும். நம் ஊர்ப் பட்டறைகளில் பால்ரஸ் என்பார்கள். வழக்கமான சைக்கிளில் முன்சக்கரத்தில் பக்கத்துக்கு 10, அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு குறுக்களவு உள்ளவை. பின்சக்கரத்தில் பக்கத்துக்கு 9, அவை கால் அங்குலம். எண்ணிப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். எண்ணும் வேலையை வீட்டில் உள்ள மிகச் சிறிய பிள்ளைக்குக் கொடுங்கள். அதனைவிடப் பொறுப்பாக எண்ணுபவர் வேறு எவரும் இலர். ஓர் உருண்டை குறைந்தால் அழுதாவது தேடிவிடும்.

உருண்டைகளை மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் உலர்த்தி, வெளிச்சத்தில் உருட்டிப் பார்க்க வேண்டும். மேற்பரப்பில் அம்மைத் தழும்பு போலப் புள்ளி விழுந்திருந்தால் அது தேய்ந்தது. அப்பொழுது ஒன்றை மட்டும் மாற்றலாகாது. அந்தப் பக்கத்து உருண்டைகள் அனைத்தையும் மாற்ற வேண்டும். ஏன்? தேய்ந்த ஒன்பதன் நடுவில் புதிதாக வந்த ஒன்று மயிரிழை அளவு பெரியதாக இருக்கும். சுமை முழுவதும் அதன் தலையில் விழும். அதுவும் விரைவில் கெடும். கிண்ணத்தில் கிரீஸ் பூசி உருண்டைகளை அடுக்கும்பொழுது, முடிவில் ஓர் உருண்டைக்குச் சற்றுக் குறைவான இடைவெளி இருக்கக் காணலாம். இன்னும் ஒன்றை அழுத்தித் திணித்தால் என்ன என்று எந்தப் பிள்ளையும் கேட்கும். கேட்க வேண்டிய கேள்வி அது. உருண்டைகள் தம்முள் உரசாமல் உருள அந்த இடைவெளி வேண்டும். திணித்தால் உருளுவதற்குப் பதிலாக வழுக்கித் தேயும்.

பின்னர் கோனை இறுக்குவது. மிக இறுக்கினால் சக்கரம் அரைபடும். மிகத் தளர்த்தினால் இருபுறமும் ஆடும். சரியான அளவுக்குப் பழைய பட்டறைக்காரர்கள் ஒரு சோதனை வைத்திருந்தார்கள். சக்கரத்தைத் தரையில் படாமல் பிடித்து, காற்றடிக்கும் வால்வைப் பக்கவாட்டில் கொண்டுவந்து நிறுத்திக் கையை எடுங்கள். வால்வு இருக்கும் இடம் சற்று எடை மிகுந்தது. அச்சு சரியாக இருந்தால் அந்தச் சிறு எடையாலேயே சக்கரம் தானாக மெல்லச் சுழன்று, வால்வு கீழே வந்து நிற்கும். ஓரிரு கிராம் எடைக்கு ஒரு சக்கரம் பணிந்து திரும்புவதைக் காணும் மாணவனுக்கு உராய்வு என்றால் என்ன என்று நான் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டுவதில்லை.

இனிச் சந்தைக்கு வருவோம். பழம்பொருள் சந்தை இன்றி ஞாயிற்றுக்கிழமைத் தொழிலாளர் இல்லை. சென்னையில் முன்பு அத்தகையோரின் திருத்தலமாக விளங்கியது மூர் மார்க்கெட். 1898-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1900-இல் திறக்கப்பட்ட அந்தச் சிவப்புக் கட்டடம், சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்து நின்றது. பழைய புத்தகங்களுக்கும் பழைய கருவிகளுக்கும் அதைப் போன்ற இடம் வேறில்லை. மாணவப் பருவத்தில் நானும் அங்கு அலைந்திருக்கிறேன். 1985-ஆம் ஆண்டு மே மாதத்தில் அது தீக்கிரையாயிற்று. அவ்விடத்தில் பின்னர் புறநகர் ரயில் நிலையக் கட்டடம் எழுந்தது. மின்னணுப் பொருள் தேடுபவர்கள் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குச் செல்கிறார்கள்.

மலிவு என்பது வேறு. ஆதாயம் என்பது வேறு. ஐம்பது ரூபாய்க்கு வாங்கிய பொருள் பரணில் பத்து ஆண்டு தூங்குமாயின் அது ஐம்பது ரூபாய் நட்டமே. வாங்கும் முன் சோதிக்கத் தெரிய வேண்டும். ஒலிபெருக்கி ஒன்றை வாங்குகிறீர்களா? டார்ச் மின்கலத்தின் இரு முனைகளையும் கம்பியால் அதன் முனைகளில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். சொடுக்கொலி கேட்டால் உள்ளே சுருள் அறாமல் இருக்கிறது. பிறகு காகிதக் கூம்பை விரல் நுனிகளால் சமமாக மெல்ல அமுக்குங்கள். கரகரவென்று உரசினால் வைத்துவிட்டு வாருங்கள். மின்மாற்றி ஆனால் மூக்கருகில் கொண்டுபோங்கள். வார்னிஷ் கருகிய வாடை எளிதில் போகாது. கடைக்காரர் எவ்வளவு துடைத்து வைத்திருந்தாலும் மூக்கை ஏமாற்ற இயலாது.

பேரத்தில் எனக்குச் சில கொள்கைகள் உண்டு. தரையில் கோணி விரித்து அமர்ந்திருப்பவரிடம் கடைசி ஐந்து ரூபாய்க்காக வாதாடுபவரை நான் திறமைசாலி என்று ஒப்புவதில்லை. அந்த ஐந்து ரூபாய் அவருக்கு எவ்வளவு பெரியது, நமக்கு எவ்வளவு சிறியது என்பது அவர் உடையைப் பார்த்தாலே தெரியும். இன்னொன்று: விலை காரணமின்றிக் குறைவாக இருந்தால், அப்பொருள் எப்படி அங்கு வந்தது என்று கேளுங்கள். பூட்டு அறுபட்ட சைக்கிள் எங்கோ ஒரு மாணவன் அழுது தேடும் சைக்கிளாக இருக்கலாம். அதனை வாங்குவது பேரமன்று.

சரியான ஆதாயத்திற்கு ஒரு சான்று காட்டுகிறேன். கூரை மின்விசிறி மெல்லச் சுழல்கிறது. சில நாளில் கையால் தள்ளிவிட்டாலன்றிச் சுழல மறுக்கிறது. ஆயுள் முடிந்தது என்று பலர் புது விசிறி வாங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் பழுது அதன் மேற்கிண்ணத்தில் உள்ள கண்டென்சரில்தான் இருக்கும். வீட்டு மின்சாரத்தைக் கொண்டு ஒற்றைச் சுருளில் சுழலும் காந்தப்புலத்தை எழுப்ப முடியாது. ஆதலால் இரண்டாவது சுருள் ஒன்றை வைத்து, அதில் ஓடும் மின்னோட்டம் காலத்தால் சற்று முந்துமாறு கண்டென்சர் செய்கிறது. இருவர் மாறி மாறித் தள்ளும் ராட்டினம் போல விசிறி சுழலத் தொடங்குகிறது. கண்டென்சர் வலிமை குன்றினால் இரண்டாமவர் கை தளர்ந்ததாகப் பொருள். பெரும்பாலான விசிறிகளில் 2.5 மைக்ரோபாரட் அளவுள்ளதைப் பொருத்துகிறார்கள். பழையதன்மேல் அச்சிட்டிருக்கும் அளவையே புதிதாகவும் வாங்க வேண்டும். விசிறியின் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை மிகச் சொற்பம்.

ஆனால் இங்கே என் குரலைச் சற்று உயர்த்த வேண்டியவனாகிறேன். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அது விளையாட்டை அறியாது. சுவரில் உள்ள பொத்தானை அணைத்தால் போதாது. அது தவறான கம்பியில் இணைக்கப்பட்டிருந்தால் விசிறியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். வீட்டின் தலைமைச் சுவிட்சையே அணைத்து, சோதனைத் திருப்புளியால் பார்த்த பிறகே தொட வேண்டும். அணைத்த பின்னும் கண்டென்சரில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். பள்ளி மாணவர் எவரும் தேர்ந்த பெரியவர் உடனிருந்தாலன்றி இவ்வேலையில் இறங்கலாகாது. பற்றாசு வைப்பவர்களுக்கும் ஒரு சொல்: வழக்கமான பற்றாசில் வெள்ளீயத்துடன் காரீயமும் கலந்திருக்கும். 190 பாகை செல்சியஸ் அளவில் அது உருகிவிடும். புகை முகத்தில் படாதபடி சன்னலருகில் அமருங்கள். முடிந்ததும் சோப்பினால் கை கழுவாமல் முறுக்கைத் தொடாதீர்கள்.

இக்காலத்துப் பொருள்களைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. முன்பு எந்தப் பெட்டியிலும் திருகாணி கண்ணுக்குத் தெரியும்; அது, திறந்து பார் என்று அழைப்பது போன்றது. இன்று பல கருவிகள் பசையால் ஒட்டப்பட்டு வருகின்றன. மின்கலம் ஒன்று தளர்ந்தால் கருவி முழுவதையும் எறியும்படி நேர்கிறது. இதனை எதிர்த்துப் பல நாடுகளில் குரல் எழுந்துள்ளது. 2009-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆம்ஸ்டர்டாம் நகரில் மார்ட்டினே போஸ்ட்மா என்னும் பெண்மணி, பழுது பார்க்கும் சிற்றுண்டிச்சாலை ஒன்றை நடத்திக் காட்டினார். மக்கள் கெட்டுப்போன பொருளுடன் வருவார்கள், கைத்தேர்ச்சி உடையவர்கள் கட்டணம் இன்றி அருகிருந்து சரிசெய்யக் கற்பிப்பார்கள், காப்பியும் உண்டு. அவ்வழக்கம் பல நாடுகளுக்குப் பரவிற்று. பிரான்சு 2021-இல், சில வகைக் கருவிகளுக்குப் பழுது பார்க்க எவ்வளவு எளிது என்னும் மதிப்பெண்ணை விற்பனையின்போதே காட்ட வேண்டும் என விதித்தது. நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் துறை, பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாயிலைத் தொடங்கியது. இவையெல்லாம் நன்றே. ஆயினும் உரிமையை அரசு கொடுக்கலாம். கையை அரசு கொடுக்க முடியாது. திருப்புளி பிடிக்கத் தெரியாத தலைமுறைக்குத் திருகாணி வைத்துக் கொடுத்தும் பயன் என்ன?

வரும் ஞாயிறன்று தொடங்க விரும்புவோர்க்கு வேண்டிய கருவிகள் மிகச் சில. பெரிதும் சிறிதுமாக இரண்டு திருப்புளி, ஒரு குறடு, ஒரு ஸ்பானர், எண்ணெய்க் குப்பி, விளிம்புள்ள பழைய தட்டு, பென்சிலும் நோட்டுப் புத்தகமும். கழற்றும் ஒவ்வோர் உறுப்பையும் வரிசைப்படி படம் வரைந்து எண்ணிடுங்கள். கைப்பேசியில் படம் பிடித்தால் போதாதோ என்பீர்கள். வரையும்பொழுதுதான் உறுப்பை உற்றுப் பார்க்கிறோம்.

முதற்பொருளாக உங்கள் சைக்கிள் மணியையே எடுத்துக்கொள்ளுங்கள். மேல்மூடியைத் திருகிக் கழற்றினால், உள்ளே விரலால் தள்ளும் நெம்புகோலும், அதைப் பின்னிழுக்கும் சுருள்வில்லும், சில பல்சக்கரங்களும், சுழலும் தகட்டின் இரு ஓரங்களில் தளர்வாக மாட்டிய இரண்டு சிறு வட்டுகளும் இருக்கும். மூடியை அப்பால் வைத்துவிட்டு நெம்புகோலை முதலில் மெதுவாகவும், பிறகு விரைவாகவும் தள்ளிப் பாருங்கள். அவ்வட்டுகள் எப்பொழுது வெளிப்பக்கம் விலகுகின்றன, மூடி இருந்திருந்தால் அதன் எந்த இடத்தில் சென்று மோதியிருக்கும் என்று உடன்பிறந்தாரோடு கலந்து கண்டுபிடியுங்கள்.